ருத்ரா: சிங்கப்பூரின் வேத மெட்டல் இசைக்குழுவும் அதன் பிரம்மவித்யா ஆல்பங்களும்

சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ருத்ரா என்னும் மெட்டல் (ராக் இசையின் கனத்த, உரத்த வடிவம்) இசைக்குழு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய ஒரே பொருளைப் பாடிவருகிறது. அந்தப் பொருள் உபநிடதங்களின் தத்துவமான வேதாந்தம். பாடுவதோடு பேஸ் கிட்டாரும் வாசிக்கும் கதிர், டிரம்ஸ் வாசிக்கும் சிவா, தொடக்க காலத்தில் கிட்டார் வாசித்த பாலா ஆகிய நிறுவன உறுப்பினர்களின் பெயர்களே இது யாருடைய வீட்டிலிருந்து புறப்பட்ட இசை என்பதைச் சொல்லிவிடும். ஆனாலும் தமிழ் இசை ரசிகர்களிடையே இக்குழு உரிய அளவில் பேசப்படவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அந்தக் குறையைச் சிறிதேனும் போக்கும் எண்ணத்துடன், 2005இல் வெளிவந்த ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’ என்ற ஆல்பத்தை முதன்மையாக வைத்தும், அதைத் தொடர்ந்து வந்த ஆல்பங்களை உடன் வைத்தும் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் வந்த சூழலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990களின் சிங்கப்பூரில் மெட்டல் இசைக்கு ரசிகர் கூட்டம் சிறியது, ஆனால் தீவிரமானது. அப்ஹோரர், இம்பையெட்டி போன்ற குழுக்கள் அக்காலத்திலேயே நாட்டுக்கு வெளியிலும் மெட்டலின் கடுமையான கிளைகளான டெத் மெட்டல், பிளாக் மெட்டல் ரசிகர்களிடம் பெயர் பெற்றிருந்தன. ஆர்மீனியன் தெருவில் 1990இல் திறக்கப்பட்ட சப்ஸ்டேஷன் கலை மையம் இத்தகைய இளைஞர்களுக்கு மேடை கொடுத்தது. ‘பிக் ஓ’ என்ற இசை இதழ் உள்ளூர்க் குழுக்களைப் பொருட்படுத்தி எழுதியது. மறுபுறம், மேடைக்கு முன்னால் ரசிகர்கள் ஒருவரையொருவர் மோதிக்கொண்டு ஆடும் ஸ்லாம் டான்ஸ் மீது அதிகாரிகளின் கட்டுப்பாடும் இருந்தது. கேட்க வந்தவர்களிலும் வாசித்தவர்களிலும் பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள். இந்தியர்களோ நாட்டின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சிறுபான்மைக்குள்ளிருந்து வந்த தமிழ்ப் பையன்கள், மெட்டல் என்ற இன்னொரு சிறுபான்மைக்குள் நுழைந்து, அங்கே யாருமே பாடாத ஒரு பொருளைப் பாடத் துணிந்தார்கள்.

தொடக்கத்தில் அவர்கள் வாசித்தது அன்றைய டெத் மெட்டல்தான். 1994இல் ஒரு டெமோ கேசட் வந்தது. தசாப்தத்தின் நடுவில் குழு சிறிது காலம் கலைந்தும் போனது. மீண்டும் கூடியபின் 1998இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பமும், 2001இல் ‘தி ஆரியன் குருசேட்’ ஆல்பமும், 2003இல் ‘குருக்ஷேத்ரா’வும் வெளிவந்தன. தங்கள் இசையை அவர்களே ‘வேத மெட்டல்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது ஆல்பத்தின் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து போக முடியாது. சமஸ்கிருத நூல்களில் ‘மேன்மையானவர்’ என்ற பொருளில் வரும் ‘ஆரிய’ என்ற சொல்லை எடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஐரோப்பிய வரலாற்றில் நாஜிகளின் கையில் அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததையும், தமிழ்நாட்டு அரசியலில் ஒரு நூற்றாண்டாக அது சுமந்துவரும் எடையையும் அறிந்த ஒருவர், உறையைப் பார்த்தவுடன் ஆல்பத்தைத் திருப்பி வைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. இக்குழு எடுத்த முடிவுகளில் நான் உடன்படாதது இந்தத் தலைப்பு. அந்த மூன்று ஆல்பங்களின் இசையும் ஒரு குழு தன் குரலைத் தேடிக்கொண்டிருக்கும் காலத்தின் இசை; த்ராஷ் என்னும் அதிவேக மெட்டலின் முரட்டு வேகம், இடையிடையே மந்திரம், ஒலிப்பதிவில் போதாமை. வரலாறு தெரிந்துகொள்ள விரும்புவோர் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

‘பிரைமார்டியல் ஐ’யில்தான் தேடியது கிடைத்திருக்கிறது. பாடல்களின் தலைப்புகளைப் பார்த்தாலே ஆல்பத்தின் போக்கு விளங்கிவிடும். ‘ட்வைலைட் ஆஃப் டூயாலிட்டி’ என்று இருமை மங்கும் வேளையில் தொடங்கி, ‘பகவத்பாத நமஸ்கார’ என்று ஆதிசங்கரருக்கு வணக்கம் சொல்லி, ‘அஹம் பிரம்மாஸ்மி’, ‘சிவோஹம்’ என்று செல்கிறது. ‘அஹம் பிரம்மாஸ்மி’ பிருஹதாரண்யக உபநிடதத்தில் ‘நான் பிரம்மம்’ என்ற பொருளில் வரும் மகாவாக்கியம் என்பது நம்மில் பலருக்குப் பள்ளி நாளிலிருந்தே காதில் விழுந்த செய்தி. தலைப்பில் இருக்கும் ‘ஐ’ என்ற எழுத்தை முதல் பாகம் என்று எண்ணிவிடக் கூடாது, அது ‘நான்’. அடுத்து 2009இல் வந்த ‘டிரான்சென்டென்டல் ஐ’, 2011இல் வந்த ‘இம்மார்டல் ஐ’ இரண்டிலும் அந்த ‘நான்’ தொடர்கிறது. மூன்று ஆல்பங்களும் சேர்ந்து ஒரே விசாரணை. கல்லறை, பேய், நரகம், போர் என்று மெட்டல் உலகம் வழக்கமாகச் சுற்றிவரும் பொருள்களுக்கு நடுவில், ‘கேட்கிறவன் யார், காண்கிறவன் யார்’ என்ற கேள்வியை ஒரு முழு ஆல்பமாக நீட்டிப்பதற்கு உறுதி வேண்டும்.

பொருளை விடுங்கள், இசையாக அது நிற்கிறதா என்பதுதான் மதிப்புரையின் கேள்வி. நிற்கிறது என்பதே என் முடிவு. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெட்டல் கிட்டார் வாசிப்பில் தடித்த தந்தியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு ஒரே சுரத்தை விடாமல் அடித்துக்கொண்டே போவார்கள்; அதற்கு மேல் மற்ற சுரங்கள் வந்து வந்து மறையும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது இதைக் கேட்டவுடன் ஆதார ஷட்ஜம் எது என்று தானாகவே பிடித்துக்கொள்ளும். அந்த ஷட்ஜத்தை ஒட்டி அரைச் சுரம் தள்ளி நிற்கும் சுத்த ரிஷபம்தான் டெத் மெட்டலின் இருட்டுக்கு முதற்காரணம். மேற்கத்தியர் ஃபிரிஜியன் என்று சொல்லும் சுர வரிசை நம் அனுமத்தோடியின் வரிசையே; அதன் காந்தாரத்தை மட்டும் உயர்த்தினால் வகுளாபரணம்; நிஷாதத்தையும் உயர்த்தினால், பாட்டு வகுப்பில் குழந்தைகள் முதலில் கற்கும் மாயாமாளவகௌளை. எனவே ஒரு டெத் மெட்டல் ரிஃப்புக்கும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிக்கும்) ஒரு சுலோக ராகத்துக்கும் இடையே உள்ள தூரம் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிட மிகவும் குறைவு. ருத்ரா அந்தக் குறுகிய தூரத்தில்தான் நடக்கிறது. சுலோகம் வரும் இடத்தில் கிட்டார்கள் தங்கள் சுரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதில்லை. உச்சாடனம் மெல்ல உள்ளே வந்து, பின்னர் உறுமல் குரல் அதை வாங்கிக்கொள்ளும்போது, இரண்டும் ஒரே சுருதியில் நின்றிருந்தது நமக்குத் தெரியவருகிறது. மெட்டலுக்குள் சிதாரையோ தபேலாவையோ அலங்காரமாகச் சொருகிவிட்டுப் போகும் பல முயற்சிகளில் இது நடப்பதில்லை. அங்கே இந்தியக் கருவி நிற்கும்போது மெட்டல் நிற்கும். மெட்டல் தொடங்கும்போது கருவி ஓடிவிடும்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதிர் பாடுவது க்ரௌல் என்று சொல்லப்படும் உறுமல் குரல். முதன்முறை கேட்பவருக்கு அது வெறும் சத்தமாகத்தான் படும். ஆனால் வேதம் ஓதும் மரபை நினைத்துப் பாருங்கள். உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்ற சில ஏற்ற இறக்கங்களுக்குள், பாட்டாகப் பெருகாமல், எழுத்தின் அளவையும் மூச்சையும் காத்துச் சொல்லும் முறை அது. ராகம் பாடும் குரலோடு ஒப்பிட்டால், மெலடியே இல்லாமல் அசைகளை அழுத்தத்தால் மட்டும் வேறுபடுத்தும் உறுமல் குரல் ஓதுதலுக்கு நெருக்கமாக நிற்கிறது. கீதையும் பல ஸ்தோத்திரங்களும் அமைந்திருக்கும் அனுஷ்டுப் சந்தத்தில் ஒரு பாதத்துக்கு எட்டு அசை; நான்கு தட்டு கொண்ட தாளத்தில் அது இயல்பாக உட்காரும். சிவா இரு கால்களாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம் கீழே விரைந்து உருண்டுகொண்டிருக்க, மேலே எட்டெட்டாக அசைகள் விழுவதைக் கேட்கும்போது, இந்தச் சேர்க்கையை இதற்கு முன் யாரும் ஏன் தீவிரமாக முயலவில்லை என்று வியந்தேன்.

குழுவின் பெயரும் இந்த இடத்தில் பொருந்திவருகிறது. பிரதோஷ வேளையில் சிவன் கோயில்களில் அபிஷேகத்தின்போது ஓதப்படும் ஸ்ரீருத்ரம் ‘நமஸ்தே ருத்ர மன்யவ’ என்று தொடங்குகிறது. முதல் வணக்கமே ருத்ரனின் கோபத்துக்குத்தான். உக்கிரமும் வழிபாடும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட மரபு நம்முடையது. ஆகையால் இத்தகைய இசையில் புனிதமான வரிகளைச் சேர்ப்பது அவமரியாதை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்த மனத்தாங்கல் உண்மையானது என்பதையும் மறுக்கவில்லை. சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தில் வேத மெட்டல் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் அதற்குள்ள வாய்ப்புகளையும் பற்றி 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். உள்ளூரில் தோன்றிய ஒரு சுயாதீன மெட்டல் குழு கல்வித்துறை ஆய்வுக்குப் பொருளாவது எளிதில் நடக்கும் காரியமில்லை.

‘டிரான்சென்டென்டல் ஐ’யில் புதிதாகக் கேட்பவர் தவறவிடக் கூடாத பாடல் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேசிங் சேரியட்’. குருக்ஷேத்திரத்தில் தேர்த்தட்டில் நடந்த உரையாடல்தான் பாடலின் பொருள். போர்க்களத்தின் நடுவே சொல்லப்பட்ட உபதேசத்துக்குப் போர்க்களத்தின் ஓசையையே பின்னணியாக வைத்திருக்கிறார்கள். கீதையை வீணைப் பின்னணியிலும் மெதுவான உரையிலும் மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு, அந்த வார்த்தைகள் உண்மையில் எத்தகைய இரைச்சலின் நடுவே பேசப்பட்டிருக்கும் என்பதை இப்பாடல் உணர்த்துகிறது. ஆல்பத்தின் ஒலிப்பதிவும் முந்தையதைவிடத் தெளிவு. ‘இம்மார்டல் ஐ’ இன்னும் இறுக்கமானது. எனக்கு அதில் குறையும் இல்லை, பெரிய வியப்பும் இல்லை. 2013இல் வந்த ‘ருத’ ஆல்பத்தையும் அந்த வரிசையிலேயே வைப்பேன்.

நான் அடிக்கடி திரும்பிச் செல்வது 2016இல் வெளிவந்த ‘எனிமி ஆஃப் டூயாலிட்டி’க்கு. ஆல்பத்தின் அடிப்படை மாண்டூக்ய உபநிடதமும் அதற்குக் கௌடபாதர் எழுதிய காரிகை என்னும் செய்யுள் விளக்கமும். மாண்டூக்யம் பன்னிரண்டே மந்திரங்கள் கொண்டது. சங்கரருடைய குருவின் குருவான கௌடபாதர் அதற்கு நான்கு பிரகரணங்களில் (அத்தியாயங்களில்) 215 செய்யுள்கள் எழுதினார். நான்காவது பிரகரணத்தின் பெயர் அலாத சாந்தி. அலாதம் என்றால் கொள்ளிக்கட்டை. இருட்டில் ஒரு கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரியும். கை நின்றால் வட்டம் எங்கும் போகாமலே மறைந்துவிடும். உலகம் என்று நாம் காண்பதும் அப்படிச் சுழலும் உணர்வின் தோற்றம் என்பது கௌடபாதரின் வாதம். ருத்ராவின் ஆல்பத்தில் ‘அபேட்டிங் தி ஃபயர்பிராண்ட்’ என்று ஒரு பாடல் இருக்கிறது, கொள்ளிக்கட்டையைத் தணித்தல். நனவு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றுக்கும் அப்பாற்பட்ட துரீயத்துக்கு ‘ஏன்ஷியன்ட் ஃபோர்த்’ என்ற பாடல். மூல நூலை அருகில் வைத்துக்கொண்டு கேட்டால், தலைப்பை மட்டும் அங்கிருந்து கடன் வாங்கவில்லை, வாதத்தின் படிகளையே பாடல்களாக வைத்திருக்கிறார்கள் என்பது புலப்படும். நிற்காமல் சுழலும் ரிஃப் ஒன்று ஒரே அடியில் அறுந்து அமைதி வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொள்ளிக்கட்டை நினைவுக்கு வருகிறது. குழு அதைத் திட்டமிட்டுச் செய்ததா என்பது முக்கியமாகப் படவில்லை. நூலும் இசையும் இவ்வளவு நெருங்கி வந்தபின் கேட்பவர் அப்படித்தான் கேட்பார்.

இந்த ஆழம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கதிரின் படிப்பிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர். மைண்ட்ஃபுல்னெஸ் என்னும் விழிப்புணர்வுப் பயிற்சியைச் சிங்கப்பூரில் கற்பிக்கிறார், அது பற்றி நூல்களும் எழுதியிருக்கிறார். குழுவின் படைப்பு நோக்கைப் புரிந்துகொள்ள இது அவசியமான செய்தி. மேடையில் உக்கிரம், வீட்டில் வேறு வாழ்க்கை என்று பிரித்து வைத்திருப்பவரின் பாடல் வரிகளில் இத்தகைய தொடர்ச்சி இருக்காது. கிட்டார் வாசிப்பவர்கள் காலப்போக்கில் மாறியிருக்கிறார்கள். கதிரும் சிவாவும் மாறாமல் இருப்பதால் குழுவின் எண்ணமும் மாறாமல் இருக்கிறது.

சுயாதீனமாக இயங்குவதன் பயனும் இங்கேதான் தெரிகிறது. பெருநிறுவனத்தின் கைக்குள் இருந்திருந்தால், ‘மூன்று ஆல்பம் வேதாந்தம் போதும், அடுத்ததில் பொருளை மாற்றுங்கள்’ என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். அல்லது இந்தியத் தன்மையைக் கூட்டிக் காட்டும்படி, உடையிலும் வீடியோவிலும் கவர்ச்சி சேர்க்கும்படி கேட்டிருப்பார்கள். சிறு லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) வழியாகவும் தங்கள் கைப்பொறுப்பிலும் ஆல்பங்களை வெளியிட்டு வந்ததால், அவர்கள் விரும்பிய நூலை விரும்பிய வரிசையில் எடுத்துப் பாட முடிந்திருக்கிறது. அதற்கு ஈடாகக் கைவிட்டதும் நிறைய. இதே தகுதியுள்ள ஐரோப்பியக் குழு ஒன்றுக்குக் கிடைத்திருக்கக்கூடிய விளம்பரமும் விழா மேடைகளும் இவர்களுக்கு அந்த அளவில் வாய்க்கவில்லை. செக் நாட்டின் கல்ட் ஆஃப் ஃபயர் இந்திய மரபைக் கருவாக வைத்து 2013இல் ஓர் ஆல்பம் வெளியிட்டபோது மெட்டல் உலகம் ஆர்வத்தோடு திரும்பிப் பார்த்தது. அது நல்ல ஆல்பமும்கூட. ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, அந்த மரபுக்குள் பிறந்தவர்கள் அதைவிடத் தெளிவான புரிதலோடு ‘பிரைமார்டியல் ஐ’யைக் கொடுத்திருந்தார்கள் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

குறைகளைச் சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையாகாது. ‘பிரைமார்டியல் ஐ’ நீளமானது; ஒரே வேகத்தில் செல்லும் பாடல்கள் அடுத்தடுத்து வரும் இடங்களில் கவனம் தளர்கிறது. இரண்டு மூன்று பாடல்களைக் குறைத்திருந்தால் ஆல்பம் இன்னும் வலுப்பெற்றிருக்கும். டிரம்ஸின் ஒலி சில இடங்களில் கிட்டாருக்குள் புதைந்துவிடுகிறது. நல்ல ஹெட்போன் இல்லாமல் கேட்டால் டபுள் பேஸின் நுணுக்கம் தெரியாது. பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் சொற்களைப் பிடிப்பது பழகிய காதுக்கும் கடினம். வரிகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தரும் குழுவைப் பொறுத்தவரை இது சிறிய குறை ஆகாது.

பொருள் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ருத்ரா பாடுவது, ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதம். தமிழ் நிலத்தில் சைவ சித்தாந்தமும் விசிஷ்டாத்வைதமும் அத்வைதத்தோடு பல நூற்றாண்டுகள் நேருக்கு நேர் வாதிட்டிருக்கின்றன. இருமையைப் பகையாகப் பார்க்காமல், அடியாராகவே நின்று அன்பு செலுத்துவதைப் பெரிதாகக் கொண்ட மரபுகள் அவை. அந்த எதிர்வாதம் இந்த ஆல்பங்களில் ஒலிப்பதில்லை. மேலும், வரிகளில் முதன்மை இடம் ஆங்கிலத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும்தான். தமிழை ஆட்சி மொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டிலிருந்து, தமிழ்ப் பெயர் தாங்கியவர்கள் பாடும் இசையில், சித்தர் பாடல்களின் கடுமையும் கேலியும் நிலையாமை பற்றிய சீற்றமும் இடம்பெற்றால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம் எனக்கு ஒவ்வொரு ஆல்பத்தின்போதும் எழுகிறது. வல்லின மெய்கள் அடுத்தடுத்து மோதும் சித்தர் வரிகளுக்கு உறுமல் குரல் அவ்வளவு பொருத்தமாக இருக்கும். அவர்கள் தேர்ந்தெடுத்த பாதையைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இவர்களைத் தவிர வேறு யாரால் அதைச் செய்ய முடியும் என்று தெரியாததால் சொல்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மெட்டல் இசைக்கே புதியவர் முழு ஆல்பத்தில் தொடங்க வேண்டாம். ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேசிங் சேரியட்’ பாடலை வரிகளோடு ஒருமுறை கேளுங்கள். அது பிடித்திருந்தால் ‘டிரான்சென்டென்டல் ஐ’ முழுவதையும், அதன்பின் ‘பிரைமார்டியல் ஐ’யையும் எடுத்துக்கொள்ளலாம். டெத் மெட்டலும் த்ராஷும் ஏற்கெனவே கேட்டுப் பழகியவர் நேராக ‘பிரைமார்டியல் ஐ’க்கே போகலாம். வேதாந்த நூல்களில் பழக்கம் உள்ளவர், இசை முரடாக இருக்கிறதே என்று தயங்கினாலும், மாண்டூக்ய காரிகையின் தமிழ் உரை ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு ‘எனிமி ஆஃப் டூயாலிட்டி’யைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். ஸ்ட்ரீமிங்கில் கேட்டுப் பிடித்துப்போனால், குழுவிடமிருந்தோ அதை வெளியிட்ட சிறு லேபிளிடமிருந்தோ சிடியையோ டிஜிட்டல் பிரதியையோ விலை கொடுத்து வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாடலுக்குக் கிடைக்கும் சில்லறையைக் கொண்டு எந்தச் சுயாதீனக் குழுவாலும் அடுத்த ஒலிப்பதிவுக்கு ஸ்டுடியோ பிடிக்க முடியாது. வரிகள் அச்சிட்ட சிறு புத்தகம் சேர்ந்த சிடி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 2022இல் வெளிவந்த ‘எயிட் மகாவித்யாஸ்’ ஆல்பத்தை, மேலே சொன்ன மூன்றும் பழகிய பிறகு கேட்பது நல்லது.